கயானா நாட்டில் குடியேறியோர்

தென்னமெரிக்கக் கண்டத்தின் வடகிழக்குக் கரையிலே, வெனிசுவேலாவுக்கும் சுரினாமுக்கும் இடையே, கயானா என்னும் சிறு தேசமொன்று உளது. சிறு தேசம் என்றது அதன் சனத்தொகையைக் கருதியேயாம். நிலப்பரப்பில் அது நமது இலங்கையைப் போல் மூன்று மடங்குக்கும் அதிகம். 2012ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பின்படி அங்கு வாழ்ந்தோர் 746,955 பேர். அவருள் நூற்றுக்கு நாற்பதின்மர் இந்திய வமிசத்தினர்; முப்பதின்மருக்குச் சற்றுக் குறைந்தோர் ஆபிரிக்க வமிசத்தினர்; இருபதின்மர் கலப்பினத்தவர்; பதின்மர் அந்நாட்டின் ஆதிக்குடிகள். சமயக் கணக்கை நோக்கினால் நால்வருள் ஒருவர் இந்து.

இக்கணக்கைக் காணும் இந்து வாலிபராகிய நமக்கு ஒரு பெருமிதம் எழுதல் இயல்பே. ஏழு கடல் தாண்டியும் நமது சமயம் தழைத்ததன்றோ என மேடைகளிற் பேசுவோரை நாம் பன்முறை கேட்டிருக்கின்றோம். ஆயினும், அவ்விந்துக்கள் அங்கு சென்றது சமயம் பரப்புதற்கன்று, வாணிகஞ் செய்தற்குமன்று. வேறொரு மக்கள் கூட்டத்தார் கேட்ட கூலியைக் கொடாதிருக்கும் பொருட்டே அவர்கள் கப்பலேற்றப்பட்டனர். இதனை விடுத்துக் கயானாவின் சரித்திரத்தைப் படிப்போமாயின், அங்கு பிற்காலத்தில் ஏன் இரத்தஞ் சிந்தப்பட்டது என்பது நமக்கு ஒருபோதும் விளங்காது.

அந்நாட்டின் கரையோரத்தை முதலில் நாம் மனக்கண்ணாற் காணுதல் வேண்டும். மக்களிற் பெரும்பாலோர் வாழ்வது ஒடுங்கிய அக்கரையோரத்திலேயே. அந்நிலமோ கடற்பெருக்குக் காலத்தில் நீர்மட்டத்துக்குத் தாழ்ந்து கிடப்பது. முன்னே கடல், பின்னே சதுப்பு. கடலைத் தடுக்க ஓர் அணை, பின்புறத்து வெள்ளத்தைத் தடுக்க மற்றோர் அணை, இரண்டுக்கும் இடையே எண்ணற்ற வாய்க்கால்கள் என அமைத்தாலன்றிக் கரும்பு அங்கு வளராது. இவ்வித்தையில் வல்லவர் ஒல்லாந்தர். எசக்கிபோ, பேர்பிஸ், டெமராரா என்னும் மூன்று ஆறுகளின் பெயரால் மூன்று குடியேற்றங்களை அவர்கள் பதினேழாம் பதினெட்டாம் நூற்றாண்டுகளில் நிறுவினர். நமது கரையோரத்தை ஆண்டவரும் ஒல்லாந்தரே. 1796இல் கொழும்பு பிரித்தானியர் கைக்கு மாறிய அதே ஆண்டில் டெமராராவும் அவர் கைப்பட்டது என்பது நமது சரித்திர மாணவர் பலர் அறியாத செய்தி. பின்னர் ஒருமுறை கைமாறி, 1803இல் மீண்டும் பிடிக்கப்பட்டு, 1814இல் அது பிரித்தானியருக்கே நிலைத்தது. 1831இல் மூன்று குடியேற்றங்களும் ஒன்றாக்கப்பட்டுப் பிரித்தானியக் கயானா எனப் பெயர் பெற்றன.

வித்தை ஒல்லாந்தருடையது, மண்வெட்டி பிடித்த கை ஆபிரிக்க அடிமைகளுடையது. ஒரு சதுர மைல் கரும்பு நிலத்துக்கு 49 மைல் வடிகால்களும், அவற்றின் மேலாக ஓடம் செல்லுதற்கும் நீர்ப்பாய்ச்சுதற்கும் 16 மைல் வாய்க்கால்களும் வேண்டியிருந்தன என 1948இல் அங்கு சென்ற ஓர் ஆணைக்குழு கணக்கிட்டது. பத்துக் கோடி தொன் மண்ணை அடிமைகள் வெறுங்கையாலும் மண்வெட்டியாலும் அகழ்ந்து பெயர்த்தனர் என அந்நாட்டு வரலாற்றாசிரியர் வால்ரர் றொட்னி இதனை எடுத்துக் காட்டுவார். எகிப்தின் கூர்நுதிக் கோபுரங்களைப் பாடமாகப் படித்த நமக்கு இக்கோபுரமற்ற வேலையைப் பற்றி எவரும் படிப்பித்ததில்லை.

அடிமைகள் வாளாவிருந்தாரல்லர். 1763இல் பேர்பிஸில் கஃபி என்பான் தலைமையில் எழுந்தோர் பல மாதங்கள் அக்குடியேற்றத்தின் பெரும்பகுதியைத் தம் கைக்குள் வைத்திருந்தனர். 1823இல் டெமராராவில் எழுந்த கிளர்ச்சி சக்சஸ் என்னுந் தோட்டத்தில் தொடங்கிற்று. அத்தோட்டத்தின் சொந்தக்காரர் லிவர்ப்பூல் வணிகர் ஜோன் கிளாட்ஸ்ரன். பிற்காலத்தில் நான்கு முறை இங்கிலாந்தின் பிரதம மந்திரியாய் இருந்த வில்லியம் கிளாட்ஸ்ரனின் தந்தையார் இவரே. இவர் பெயரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்க. இந்தியரை முதன்முதல் அங்கு கொணர்ந்தவரும் இவரேயாவர்.

1834ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் முதலாந் தேதி அடிமைத்தனம் சட்டத்தால் ஒழிந்தது. ஒழிந்ததெனினும், தொழில் பழகுநர் என்ற பெயரால் மேலும் நான்காண்டுகள் பழைய எசமானர்க்கே உழைக்கவேண்டியிருந்தது. நட்டஈடு உண்டு; ஆனால் அது கொடுக்கப்பட்டது அடிமைகளுக்கன்று, அடிமைகளை இழந்தோருக்கு. கிளாட்ஸ்ரன் ஒருவருக்கு மட்டும் 2,508 அடிமைகளுக்காக 106,769 பவுண் கிடைத்தது. 1838 ஓகஸ்ட் முதலாந் தேதி முழு விடுதலை பெற்ற எண்பதினாயிரத்துக்கு மேற்பட்ட ஆபிரிக்கருக்கு ஒரு சல்லியுமில்லை. ஒரு முழ நிலமுமில்லை.

ஆயினும் அவர்கள் செய்த காரியம் வியக்கத்தக்கது. அடிமை நாட்களிலேயே சிறு தோட்டப்பயிரும் கோழியும் விற்றுச் சேர்த்த காசையும், விடுதலைக்குப் பின் பெற்ற கூலியையும் ஒன்று திரட்டி, தோட்டங்களையே விலைக்கு வாங்கத் தலைப்பட்டனர். 1839 நவம்பரில், ஐந்து தோட்டங்களைச் சேர்ந்த 83 பேர் கூடி, நோர்த்புறூக் என்னும் கைவிடப்பட்ட தோட்டத்தை 30,000 கில்டருக்கு வாங்கினர். சில்லறை நாணயங்களைத் தள்ளுவண்டிகளில் ஏற்றிக்கொண்டு சென்று விலை கொடுத்தனர் என்பது அவ்வூர் வழக்கு. அவ்வூரே இன்றுள்ள விக்ரோரியா. அடுத்த ஆண்டில் 128 பேர் கூடி வாங்கியது பக்ஸ்ரன். இவ்வாறு கரையோரமெங்கும் சுதந்திரக் கிராமங்கள் தோன்றின.

தனக்கென ஒரு வீடும் ஒரு துண்டு நிலமும் உள்ளவன் கூலியைப் பேரம் பேசுவான். தோட்டத்துரைமாரை உறங்கவிடாது செய்தது இதுவே. 1842 சனவரியில் அவர்கள் ஒன்றுகூடிக் கூலியைக் குறைத்துப் புதிய விதிகளை வெளியிட்டனர். டெமராராவிலும் எசக்கிபோவிலும் தொழிலாளர் வேலையை நிறுத்தினர். அக்காலத்தில் அங்கு தொழிற்சங்கம் என்ற சொல்லே இல்லை. ஏறக்குறைய மூன்று மாதம் கரும்பு வெட்டுவாரின்றி நின்றது. ஈற்றில் துரைமாரே பணிந்தனர். நேற்று வரை அடிமைகளாயிருந்தோர் இன்று தம் உழைப்பின் விலையைத் தாமே நிருணயித்தனர். உலகத் தொழிலாளர் சரித்திரத்தில் இவ்வெற்றிக்கு உரிய இடம் கொடுக்கப்படவில்லை என்பது நமது எண்ணம்.

ஆறாண்டுகள் கழிந்தன. 1846இல் இங்கிலாந்தின் பாராளுமன்றம் குடியேற்ற நாட்டுச் சீனிக்கு இருந்த தீர்வைச் சலுகையை நீக்கத் தொடங்கிற்று. சீனி விலை வீழ்ந்தது. 1848இல் துரைமார் மீண்டும் கூலியில் நாலிலொரு பங்கைக் குறைத்தனர். மீண்டும் வேலை நிறுத்தம். மீண்டும் மூன்று மாதமளவு. ஆனால் இம்முறை தோற்றவர் தொழிலாளர். இடையில் நிகழ்ந்தது யாது? கப்பல்கள் வந்திருந்தன. மதேராத் தீவின் போர்த்துக்கேயரும், அடிமைக் கப்பல்களினின்று மீட்கப்பட்ட புதிய ஆபிரிக்கரும், கல்கத்தாவிலும் சென்னையிலும் ஏற்றப்பட்ட இந்தியரும் தோட்டங்களில் இருந்தனர். வேலை நிறுத்தத்தின்போது கரும்பு ஆலைகள் முற்றாக நிற்கவில்லை. 1842ஆம் ஆண்டுக்கும் 1848ஆம் ஆண்டுக்கும் உள்ள இவ்வேறுபாட்டிலேயே கயானாவின் பிற்காலச் சரித்திரம் முழுவதும் அடங்கியுள்ளது எனலாம்.

இதிலே மிகக் கொடியது வேறொன்று. இக்குடியேற்றத்துக்கான செலவில் ஒரு பகுதி அரசாங்கத்தின் பொது வருமானத்தினின்று கொடுக்கப்பட்டது. அவ்வருமானத்திற் பெரும்பங்கு வந்தது இறக்குமதித் தீர்வையால். தீர்வை விதிக்கப்பட்டனவோ மா, அரிசி, உப்பிட்ட மீன் முதலாய ஏழைகளின் உணவுப்பொருள்கள். எனவே விடுதலை பெற்ற ஆபிரிக்கன், தன் கூலியைக் குறைக்க வருவோனுக்குத் தானே கப்பற்கூலி கொடுத்தான்.

போர்த்துக்கேயர் 1835இலேயே வரத் தொடங்கி, 1882 வரையில் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் வந்தனர். கரும்புத் தோட்டத்தில் அவர்கள் நெடுநாள் நிற்கவில்லை. கூடை வியாபாரஞ் செய்து, பின் கடை வைத்து, கிராமத்துச் சில்லறை வாணிகத்தைத் தம் கையிற் கொண்டனர். கடன்காரனுக்கும் கடைக்காரனுக்கும் உள்ள உறவு எவ்வூரிலும் ஒன்றுதானே! 1856இல் ஆபிரிக்கர் கிளர்ந்தெழுந்து அவர்களுடைய கடைகளைச் சூறையாடினர். ஒரு விநோதம்: அந்நாட்டுக் குடிசனமதிப்புகளில் போர்த்துக்கேயர் ஐரோப்பியரோடு சேர்க்கப்படாமல் தனிச் சாதியாகவே எழுதப்பட்டனர். வெள்ளையனாய்ப் பிறந்தவனும் கூலியாய் வந்தால் வெள்ளையனாகான் போலும். 1853 முதல் 1879 வரை சீனர் ஏறக்குறைய 13,500 பேர் வந்தனர். அவருள்ளும் பலர் தோட்டத்தை விட்டுக் கடைக்கும் பட்டினத்துக்கும் சென்றனர். 1970இல் கயானா குடியரசானபோது அதன் முதல் சனாதிபதியாக அமர்ந்த ஆதர் சுங் சீன வமிசத்தவரே.

இனி இந்தியர் வரலாற்றுக்கு வருவோம். 1836இல் ஜோன் கிளாட்ஸ்ரன் கல்கத்தாவிலிருந்த கில்லாண்டர்ஸ் ஆர்புத்நொட் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினார். விடுதலை பெறப்போகும் ஆபிரிக்கரை நம்பியிராமல், மொரீசியசுக்கு அனுப்புவது போலத் தமக்கும் ஆட்களை அனுப்ப இயலுமா என்பதே அதன் சாரம். 1838 சனவரியில் விற்பி, ஹெஸ்பரஸ் என்னும் இரு கப்பல்கள் 414 பேரை ஏற்றிக்கொண்டு கல்கத்தாவினின்று புறப்பட்டன. வழியில் 18 பேர் இறந்தனர். மே மாதம் 5ஆந் தேதி கரை சேர்ந்தன. இறங்கியோர் 396 பேர். ஆபிரிக்கருக்கு முழு விடுதலை கிடைக்க அப்போது மூன்று மாதங்கூட இருக்கவில்லை. தேதிகளை அருகருகே வைத்துப் பார்த்தால் நோக்கம் வெள்ளிடைமலையாகும்.

அம்முதற் கூட்டத்தார் பட்ட துன்பம் அடிமைத்தன ஒழிப்புச் சங்கத்தாரின் காதுக்கு எட்டியது. கிளாட்ஸ்ரனின் விறீட்-என்-ஹூப் தோட்டத்தில் இந்தியர் கசையடி பட்டதும், அடிபட்ட புண்ணில் உப்பு நீர் தேய்க்கப்பட்டதும் விசாரணையில் வெளிப்பட்டன. ஆட்களை அனுப்புவதை இந்திய அரசாங்கம் நிறுத்திற்று. ஐந்தாண்டு முடிவில் 236 பேர் ஊர் திரும்பினர். அறுபதின்மர் அளவில் அங்கேயே தங்கினர். எஞ்சியோர் மண்ணுக்கு இரையாயினர். ஆயினும் 1845இல் கதவு மீண்டுந் திறக்கப்பட்டது. அன்று தொடங்கி 1917 வரையில் ஏறக்குறைய 239,000 இந்தியர் பிரித்தானியக் கயானாவுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 75,000க்கு மேற்பட்டோர் திரும்பினர்.

ஒப்பந்தம் என்ற சொல் சமமான இருவர் மனமொத்துச் செய்யும் உடன்படிக்கையைக் குறிக்கும். இவ்வொப்பந்தமோ அத்தகையதன்று. ஆர்காட்டி எனப்பட்ட தரகர் பேச்சை நம்பிப் பெருவிரல் ஒற்றியவன் ஐந்தாண்டுக்குக் கட்டுண்டான். நாளொன்றுக்கு ஒரு சிலிங் கூலி எனச் சட்டம் சொல்லும். ஆனால் துரை குறித்த வேலை முடிந்தாலன்றி அது கைக்கு வராது. வேலைக்கு வாராதிருத்தல் குற்றம். அனுமதிச் சீட்டின்றித் தோட்டத்துக்கு அப்பாற் காணப்படுதல் குற்றம். இவற்றுக்குத் தண்டம் மறியல். பொருள் வழக்கு ஆகவேண்டிய ஒன்றைக் குற்ற வழக்காக்கிய வித்தை இது. குடியிருப்போ, முன்பு அடிமைகள் இருந்த அதே நீண்ட லயங்கள். நூறு ஆடவருக்கு நாற்பது பெண்டிரேனும் இருக்கவேண்டுமென விதி செய்யப்பட்டது. இவ்விதியே அக்கப்பல்களின் நிலையை நமக்கு எடுத்துக்காட்டும். கப்பலிலே ஒரே பானைச் சோற்றை உண்டதனால் சாதி கெட்டது. அதற்கு ஈடாக ஒரே கப்பலில் வந்தோர் ஒருவரையொருவர் ஜகாஜி பாய், அதாவது கப்பற் சகோதரன் என்றழைத்தனர். இவ்வுறவு மூன்று தலைமுறை வரை மணவுறவுக்குத் தடையாகும் அளவுக்கு மதிக்கப்பட்டதும் உண்டு.

நல்லோர் சிலர் இருந்தனர். குடியேற்றக் காரியங்களுக்குத் தலைமை அதிகாரியாயிருந்த ஜேம்ஸ் குறொஸ்பி கூலிகளின் முறைப்பாட்டைக் காதுகொடுத்துக் கேட்டார். அவர் காலஞ்சென்று நெடுங்காலம் ஆகியும் அக்கந்தோரையே இந்தியர் ‘குறொஸ்பி’ என்றழைத்து வந்தனர். எனினும் துப்பாக்கியும் உடனிருந்தது. 1872இல் டெவன்ஷயர் காசல் தோட்டத்தில் ஐவரும், 1913இல் றோஸ் ஹோலில் பதினைவரும் பொலிசாரின் சூட்டுக்கு இரையாயினர்.

பேச்சு என்னும் பெயருடைய ஒருவரை ஈண்டு குறிப்பிடாது செல்லல் தகாது. வங்காளத்தில் தாய் தந்தையரை இழந்து, ஒரு மிஷனரி அம்மையாரால் வளர்க்கப்பட்டு ஆங்கிலம் கற்ற இவர், 1894இல் கூலியாகவே கயானாவுக்கு வந்தார். 1896 முதல் அந்நாட்டுப் பத்திரிகைக்கு இவர் எழுதிய கடிதங்கள் துரைமாரைத் திடுக்கிடச் செய்தன. சட்டத்திற் சொன்ன கூலி எவ்வாறு மறுக்கப்படுகிறது, மேற்பார்வையாளர் இந்தியப் பெண்களிடம் எவ்வாறு நடக்கின்றனர் என்பனவற்றைத் தோட்டத்தின் பெயரோடு எழுதினார். 1897இல் வந்த இராசாங்க ஆணைக்குழு முன்னும் சாட்சி கூறினார். அவர்மேல் அவதூறு வழக்குத் தொடுத்தும் யூரிமார் ஒருமனப்படவில்லை. மிஷன் பள்ளியிற் கற்ற ஆங்கிலத்தை உத்தியோகத்துக்கு ஏணியாகக் கொள்வோரே நம்மிற் பலர். பேச்சுவோ அதனைக் கொண்டு கூலிகளின் வழக்கை உரைத்தார்.

மிஷன் என்றதும் மற்றொன்று நினைவுக்கு வருகின்றது. இந்தியப் பிள்ளைகளுக்கு அங்கே பள்ளிகளைத் திறந்தோர் முக்கியமாகக் கனடாவின் பிரெஸ்பித்தேரியன் மிஷனார். எழுத்தறிவித்தோர் அவர்களே, அதனை மறுத்தல் நன்றி கொன்றதாகும். ஆனால் ஆசிரியர் பதவி வேண்டுமாயின் ஞானஸ்நானமும் வேண்டும் என்பது நெடுங்கால வழமை. பதவிக்காகப் பெயர் மாற்றிய தந்தையும், வீட்டில் விளக்கேற்றிக் கும்பிட்ட தாயுமாக எத்தனை குடும்பங்கள்! மிஷன் பள்ளியில் வளர்ந்த நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1961இல் 51 பள்ளிகள் அரசாங்கத்தின் ஆளுகைக்குட் கொண்டுவரப்பட்டன; நமது நாட்டில் உதவி நன்கொடைப் பள்ளிகள் சுவீகரிக்கப்பட்டதற்கு அடுத்த ஆண்டு அது.

1917இல் ஆட்சேர்ப்பு நின்றது. 1920இல் எஞ்சிய ஒப்பந்தங்களும் நீக்கப்பட்டன. ஊர் திரும்பும் உரிமையை விட்டுக்கொடுத்தோர்க்கு விம், ஹெலினா, புஷ் லொட் முதலிய இடங்களிற் காணி கொடுக்கப்பட்டது. சதுப்பு நிலத்தைக் கண்ட இந்தியர் நெல் விதைத்தனர். சீனித் தோட்டத்துக்கு வெளியே ஒரு நெற் பொருளாதாரம் உண்டாயிற்று. ஆபிரிக்கர் நிலை வேறு. அவர்கள் பாடுபட்டு வாங்கிய கிராமங்களுக்கு வடிகால் வசதி இல்லை. அணைகட்டும் பணமும் அதிகாரமும் தோட்டங்களிடம் இருந்தன. வெள்ளத்துக்கு அஞ்சிப் பலர் பட்டினத்துக்கும், பொன்னும் போக்சைற்றும் எடுக்கும் சுரங்கங்களுக்கும், பொலிசுக்கும், ஆசிரியத் தொழிலுக்கும், அரசாங்கச் சேவைக்கும் சென்றனர். இவ்வாறு தொழிலே சாதியாயிற்று, வாழுமிடமும் வேறாயிற்று.

இந்நிலையில் சனத்தொகையைத் திடீரெனப் பெருக்கியது ஒரு கொசுவின் அழிவு. கரையோரத்து நெல்வயலிலும் தோட்டத்திலும் மலேரியாச் சுரம் தலைமுறை தலைமுறையாய்க் குழந்தைகளைக் கொண்டு சென்றது. கயானாவிற் பணிபுரிந்த ஜியோர்ஜியோ ஜிலியோலி என்னும் இத்தாலிய வைத்தியர் 1945 முதல் டி. டி. ரி. தெளித்துச் சில ஆண்டுகளில் அதனைக் கரையோரத்தினின்று ஒழித்தார். நமது நாட்டிலும் அதே ஆண்டுகளில் அதே மருந்தால் இறப்பு வீதம் வீழ்ந்ததை வாசகர் அறிவர். 1946இல் ஏறக்குறைய 376,000 ஆயிருந்த சனத்தொகை 1960இல் 560,000 ஆயிற்று. வயலிலும் தோட்டத்திலும் வாழ்ந்தோர் இந்தியராதலின், பெருகியோரும் முக்கியமாக அவர்களே. நூற்றுக்கு நாற்பத்துமூவராய் இருந்தோர் நாற்பத்தெண்மர் ஆயினர். நோய் நீங்கியது நன்மை. ஆனால் வாக்குரிமை வந்த காலமும் அதுவே. தம் கூலியைக் குறைக்க வந்தோர் இனித் தம்மை ஆளவும் போகின்றனர் என்ற அச்சம் ஆபிரிக்கரிடையே எழுந்ததை நாம் குறைகூற முன் 1848ஆம் ஆண்டை எண்ணிப் பார்க்கவேண்டும்.

அவ்வச்சத்தை மீறி இரு சாராரும் ஒன்றுசேர்ந்த காலமும் ஒன்றிருந்தது. போர்ட் மூரன்ற் தோட்டத்தில் ஒப்பந்தக் கூலிகளின் வழிவந்த செடி ஜகனும், ஆபிரிக்க வமிசத்து நியாயவாதி போர்ப்ஸ் பேர்ணமும் 1950இல் மக்கள் முற்போக்குக் கட்சியைத் தொடக்கினர். சர்வசன வாக்குரிமையோடு 1953இல் நடந்த தேர்தலில் அக்கட்சி 24 தானங்களில் 18ஐ வென்றது. 133ஆம் நாளில் பிரித்தானிய அரசாங்கம் போர்க்கப்பலை அனுப்பி அரசியற்றிட்டத்தை இடைநிறுத்திற்று. பொதுவுடைமை வந்துவிடும் என்பது கூறப்பட்ட காரணம். 1955இல் கட்சி பிளந்தது. பிளவு முதலிற் கொள்கையின் பெயரால் வந்ததாயினும், விரைவில் ஜகனின் பின்னே இந்தியரும் பேர்ணமின் பின்னே ஆபிரிக்கரும் நின்றனர். 1962 முதல் 1964 வரை வீடுகள் எரிந்தன. அண்டை அயலார் ஒருவரையொருவர் துரத்தினர். 1964இல் மட்டும் நூற்றெழுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அமெரிக்க அரசாங்கம் இக்கலகத்தில் மறைவாகக் கைகொடுத்ததைப் பிற்காலத்தில் வெளியான அதன் பத்திரங்களே காட்டுகின்றன. ஆனால் பிறர் ஊதினாலும் நெருப்புக்கு விறகு வேண்டுமன்றோ? அவ்விறகை அடுக்கியோர் நூறாண்டுக்கு முற்பட்ட துரைமார். விகிதாசாரப் பிரதிநிதித்துவம் புகுத்தப்பட்டு, பேர்ணம் பதவியேற்று, 1966 மே 26இல் சுதந்திரம் வந்தது. அதன்பின் 1992 வரையில் நேரிய தேர்தல் நடக்கவில்லை.

இவ்விடத்தில் நமது நாட்டை ஒருகணம் நோக்குதல் பிழையாகாது. 1948இலும் அடுத்த ஆண்டிலும் நமது பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டங்களால் மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளர் குடியுரிமையையும் வாக்கையும் இழந்தனர். நான்காண்டு கழித்துக் கயானாவின் தோட்டத் தொழிலாளி முதன்முறை வாக்களித்தான். இங்கு எஞ்சியோரின் குடியுரிமைக் கணக்குத் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை செல்லவேண்டியிருந்தது. பேர்ணமின் ஆட்சி இந்தியருக்குப் பலவாறு இன்னல் விளைத்தபோதும், நீ இந்நாட்டவன் அல்லன் என்று அவர்களைச் சட்டத்தால் கப்பலேற்றவில்லை.

அவர்கள் தாமாகவே ஏறினர். 1970ஆம் ஆண்டுகளிலும் அதன்பின்னும் உணவுத் தட்டுப்பாட்டாலும் அச்சத்தாலும் இந்தியரும் ஆபிரிக்கரும் வேறுபாடின்றி நியூயோர்க்குக்கும் ரொறொன்ரோவுக்கும் இலண்டனுக்கும் சென்றனர். 1980இல் 760,000 அளவிலிருந்த சனத்தொகை முப்பது ஆண்டின் பின்னும் அதனைத் தாண்டவில்லை. பிறந்த பிள்ளைகளின் தொகையை விமானம் ஈடுசெய்தது. 2015இல் கடலடியிற் பேரளவு எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டு 2019 திசம்பரில் அது மேலெடுக்கப்பட்டதன் பின் காற்றுத் திரும்பியிருக்கிறது. வெனிசுவேலாவினின்று பல்லாயிரவர் வேலை தேடி வந்திருக்கின்றனர். அவருக்கு என்ன கூலி கொடுப்பது என்ற பேச்சும் கூடவே வந்திருக்கிறது. 2023 ஓகஸ்டில் ஜோன் கிளாட்ஸ்ரனின் வழித்தோன்றல்கள் ஜோர்ஜ்ரவுணுக்கு வந்து, தம் முன்னோர் செய்ததற்காக மன்னிப்புக் கேட்டனர்.

தமிழரைப் பற்றி இதுவரை தனித்து உரையாதிருந்தோம். சென்னைத் துறையினின்று கயானாவுக்குச் சென்றோர் தொகை சிறிது: பெரும்பாலும் 1845க்கும் 1862க்கும் இடையே, ஏறக்குறைய 15,000 பேர். தமிழரும் தெலுங்கரும் சேர்ந்த தொகை இது. காரணம் தொலைவிற் கிடைப்பதன்று. தமிழ்நாட்டுக் கூலிக்கு இலங்கையின் கோப்பித் தோட்டம் கண்ணுக்கெட்டிய தூரம். கங்காணியின் பின்னே பாக்கு நீரிணையைக் கடந்து, மன்னார்க் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தே வந்தனர். வழியில் மாண்டோர் தொகையைக் குறித்தாரில்லை. அக்காலத்தில் ஓராண்டில் இங்கு வந்தோர், கயானாவுக்கு எக்காலத்தும் சென்ற சென்னைக் கூலிகள் அனைவரினும் பன்மடங்கினர். நமது மலைநாடு இல்லாதிருந்தால் டெமராராவில் ஒருவேளை தமிழ் ஒலித்துக்கொண்டிருக்கும்.

ஒலிக்கவில்லை. போஜ்புரி பேசிய பெருங்கூட்டத்தினிடையே ‘மதராசி’ எனப்பட்ட இச்சிறு கூட்டத்தார் இரு தலைமுறையில் மொழியை இழந்தனர். பின்னர் போஜ்புரியும் கிறியோல் ஆங்கிலத்தின் முன் நில்லாது போயிற்று. பெயர்கள் எஞ்சின. கிறிக்கெற் ஆட்டக்காரர் வீரசாமி பெருமாளின் பெயரை நாம் எல்லோரும் வாசித்திருக்கிறோம். 2015 முதல் 2020 வரை பிரதம மந்திரியாயிருந்த மோசஸ் நாகமுத்து, விம் கிராமத்து மதராசிக் குடும்பத்தவர்.

மொழி போனபின்னும் மாரியம்மன் போகவில்லை. வடநாட்டார் வழக்கையொட்டிக் காளிமாய் என்ற பெயரும் பெற்று, வேப்பிலையும் மஞ்சள் நீரும் தப்பொலியும் உடுக்கையுமாகப் பேர்பிஸ் தோட்டங்களிடையே அவள் இருந்தாள். மதுரைவீரனும் முனீசுவரனும் காத்தேரியும் பக்கத்தே நின்றனர். சனாதன தருமத்தாரும் ஆரிய சமாசத்தாரும் ஆட்டுக்கடா வெட்டும் இவ்வழிபாட்டை இழிவென்று ஒதுக்கினர். கோயில்கள் ஊர்ப்புறத்துக்குத் தள்ளப்பட்டன. பலியை நிறுத்தப் பாடுபட்ட நாவலர் பெருமானின் வழிவந்த நாமும் முகஞ் சுளிப்போம். சுளிக்குமுன் ஒன்றைக் கேட்டறிதல் நன்று. படித்த இந்துக்களின் ஆலயங்களுக்குள் ஆபிரிக்கர் பெரும்பாலும் காலடி வைத்ததில்லை. காளிமாய் கோயிலுக்கோ அவர்கள் நோய் தீர்க்க வேண்டி நெடுங்காலமாய் வந்தனர். வேப்பிலை அடித்து மஞ்சள் நீர் வார்த்தபோது, யார் பேரன் யாருடைய கூலியைக் குறைக்க வந்தான் என்று அங்கு எவரும் வினவவில்லை. ஆபிரிக்க வமிசத்தவரே பூசாரியாய் நின்ற இடங்களும் உண்டு. விமானமேறிச் சென்றோர் நியூயோர்க்கின் குவீன்ஸ் பகுதியிலும் அம்மனுக்கு இடம் அமைத்திருக்கின்றனர். பொருள் அறியாமற் பாடம்பண்ணிய தமிழ்ச் சொற்களால் அங்கு அவளை வருந்தி அழைக்கின்றனர்.